முதல் கரண்டிச் சோறு

சேந்தமங்கலத்துக்கு வெளியே, கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த சேரி ஒன்று, ஒரு பஞ்ச வருஷத்தில் ஒட்டுமொத்தமாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தது. ஊர்க் கிணற்றை எட்டிப் பார்க்கவும் விடாத சாமிகளை விட்டுவிட்டு, தங்களுக்கென்று ஒரு கிணறு வெட்டித் தந்த சாமியை அந்த மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதில் குற்றம் காண எவனுக்கும் யோக்கியதை இல்லை. ஒரு குடம் தண்ணீர் தராதவன், மதம் மாறினாயே என்று கேட்க வாய் திறக்கக் கூடாது.

அன்று ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஆண்டியும் அவன் மனைவி மாரியும் இருந்தார்கள். பாதிரியார் அவனுக்கு அந்திரேயா என்றும் அவளுக்கு மரியா என்றும் பெயர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் அந்தப் பெயர். மற்ற ஆறு நாளும் பண்ணையத்தில் ஆண்டியும் மாரியும்தான். புதுக் கோயிலுக்குள் நுழைந்தபோது நடுவில் ஒரு மரக்கிராதி இருந்தது. ஒரு பக்கம் பழைய கிறிஸ்தவர்கள், வரும்போதே சாதியைக் கையோடு கொண்டுவந்தவர்கள். மறுபக்கம் இவர்கள். ஆதாம் காலத்துப் பாவத்தைத் தண்ணீர் தெளித்துப் போக்கத் தெரிந்த குருமாருக்கு, தச்சன் அடித்து வைத்த அந்தக் கிராதியைப் போக்கத் தெரியவில்லை.

இவர்களுக்குப் பிறந்தவன் சிங்கராயன். அவன் நடக்கப் பழகும் முன்பே ஆண்டி மலைக்காய்ச்சலில் இறந்துபோனான். மாரி களை எடுத்தும் கடலைக்காய் பறித்தும் மகனை வளர்த்தாள். கோயில் வாத்தியாரிடம் எழுத்துக் கற்ற பையன் சுறுசுறுப்பாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, சேலத்திலிருந்து வந்த லெயோன் சாமியார் அவனைத் தம்மோடு அழைத்துப் போனார்.

லெயோன் சாமியார் பிரெஞ்சுக்காரர். அஸ்தம்பட்டிக்கு அப்பால், ஏற்காடு சாலையில் இருந்த அர்ச்சியசிஷ்ட கயத்தானார் என்ற புனிதர் பெயர் கொண்ட உயர்தரப் பள்ளிக்கு அவர்தான் தலைமை. நல்ல மனிதர். இதை ஒப்புக்கொண்டுதான் மேலே சொல்ல வேண்டியிருக்கிறது. கெட்டவர்களால் இந்த நாட்டில் நடந்த அநியாயத்தைவிட, சண்டைக்கு அஞ்சிய நல்லவர்களால் நடந்த அநியாயமே அதிகம்.

பள்ளி விடுதியில் சாப்பாட்டுக்கூடம் ஒன்று உண்டு. சாதிக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் அங்கே இரண்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சேரியிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கூடத்தின் பின்புறத் தாழ்வாரம். உள்ளே பந்தி முடிந்ததும் எச்சில் இலை எடுத்து, தரையைச் சாணி போட்டு மெழுகுவதும் அவர்கள் வேலை. தங்கள் வயிற்றுக்கு அவர்கள் கொடுத்த விலை அது. படிப்புக்கு யாரும் விலை கேட்கவில்லை என்று சாமியார்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வார்கள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளியைத் தொடங்கிய பழைய சாமியார் ஏற்படுத்தியது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் பள்ளிக்கு முதலாவதாகத் தேறியவன், ஆகஸ்டு மாதம் வரும் கயத்தானார் திருநாளுக்குத் திரும்பி வந்து, இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, கூடத்தில் எல்லாருக்கும் முதல் கரண்டிச் சோறு போட வேண்டும். படித்தவனுக்குத் தலைக்கனம் வரக்கூடாது, அவன் பணிவிடை செய்யப் பழக வேண்டும் என்பது அந்தக் கிழவரின் எண்ணம். சேலத்துக்காரர்கள் அதைப் பணிவாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே கரண்டி பிடிப்பவன் கை சுத்தமான கை. ஆகவே அது ஒரு மரியாதை ஆயிற்று. தன் மகன் கரண்டி பிடிப்பதைப் பார்க்கத் தகப்பன்மார்கள் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் பணிவு கற்பிக்கப் போய், தமக்குத் தெரியாமலே சாதிக்கு ஒரு திருவிழா ஏற்படுத்திவிட்டார்.

1936-ஆம் வருஷம் முதலாவதாகத் தேறியவன் சிங்கராயன்.

செய்தி வந்தபோது அவன் ஊரில் இருந்தான். சாமியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, திருநாள் முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார். அது இல்லாமல் அங்கே இடம் கிடையாது. பயிற்சி முடித்தால் கயத்தானார் பள்ளியிலேயே வாத்தியார் வேலை. சேரியில் அதுவரை எவரும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை.

"காயிதம் கைக்கு வார வரைக்கும் வாயத் தொறக்காத சாமி," என்றாள் மாரி. "ஆரு என்ன சொன்னாலும் செரிங்கன்னு சொல்லிப்போடு."

"கரண்டி புடிக்க உள்ள போவேனில்லம்மா. அன்னைக்கு நீ வா. வந்து பாரு."

"கரண்டிய நான் என்ன பாக்கறது. நம்ம ஊட்டுல இல்லாத கரண்டியா?"

ஆனால் அவன் மனம் அந்தக் கரண்டியில்தான் இருந்தது. அத்தனை வருஷமும் அவன் அந்தக் கூடத்துக்குள் எச்சில் இலை எடுக்க மட்டுமே போயிருக்கிறான்.

திருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது நாமகிரிப்பேட்டைப் பண்ணையக்காரர் செங்கோட்டையன் பள்ளிக்கு வந்தார். அவர் மகன் அங்கே படித்துக்கொண்டிருந்தான். திருநாள் பந்திக்கு அரிசி ஆண்டுதோறும் அவர் களத்திலிருந்துதான் வரும். அவருக்குப் பின்னால் நாலைந்து சாதிக் கிறிஸ்தவத் தகப்பன்மார்களும் வந்து நின்றார்கள்.

"ஏனுங்க சாமி, நான் கேள்விப்பட்டது நெசந்தானுங்களா?"

"படிப்பில் முதலாவது வந்தவன் பரிமாறுவது இந்தப் பள்ளியின் வழக்கம்," என்றார் லெயோன் சாமியார். அவர் பேசுவது புத்தகத் தமிழ்.

"படிக்கட்டுமுங்க. ஆரு வேண்டாம்னா? கலெக்டராக்கூட ஆவட்டும், எந்திரிச்சு நின்னு கும்பிடறனுங்க. சோத்துக் கரண்டிய மட்டும் தொட வேண்டாமுங்க. அரிசி எங்க ஊட்டுதுங்க. அத எவன் கையில வாங்கித் திங்கறதுன்னு நாங்கதானுங்க சொல்லோணும்."

"கடவுளுக்கு முன்னால் எல்லாரும் ஒன்று."

"கடவுளுக்கு முன்னால இருக்கட்டுமுங்க. எலைக்கு முன்னால இல்லீங்களே."

பின்னால் நின்றவர்கள் ஒருவரும் பேசவில்லை. அவர்கள் சொல்ல நினைத்ததை ஓர் இந்து சொல்லிவிட்டதால், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுக் குருவிடம் பாவமென்று சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லாமல் போயிற்று. செங்கோட்டையன் கடைசியாக, தம் மகனைக் கூட்டிப் போகப்போவதாகச் சொன்னபோது மட்டும், தங்கள் மகன்களும் உடன் போவார்கள் என்று தலையசைத்தார்கள்.

சாமியார் இரண்டு நாள் யோசித்தார். வழக்கத்தை விட்டால் தம் மனசாட்சி குத்தும். விடாவிட்டால் பள்ளி காலியாகும். இரண்டும் நேராமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். சிங்கராயன் கூடத்துக்குள் போவான், கரண்டி பிடிப்பான், சோறும் போடுவான். ஆனால் அவன் போடுவது தனிக் குண்டானில் வடித்த சோறு. அதற்கு உட்காரப் போகிறவர்கள் தாழ்வாரத்துப் பிள்ளைகள் ஐந்து பேர். குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, உயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள்போல் வரிசையில் உட்கார வைப்பது. கடைவீதிப் போட்டோக்காரர் வந்து ஒரு படம் எடுப்பார். உடனே அவர்கள் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட வேண்டும். தரையை மெழுகி வேறு இலை போட்டு, சமையல்காரர் சின்னுசாமி கையால் உண்மையான பந்தி நடக்கும். படம் பிரான்சுக்குப் போகும். அங்கே வேத போதகச் சபையின் பத்திரிகையில் அதைப் பார்க்கும் பக்தர்கள், இந்தியாவில் சாதி ஒழிகிறது என்று கண்ணீர் விட்டுக் காணிக்கை அனுப்புவார்கள்.

பொய் சொன்னதாகவே அவர் நினைக்கவில்லை. படத்தில் இருப்பதெல்லாம் நடந்ததுதானே.

சிங்கராயனிடம் இதை யாரும் சொல்லவில்லை.

திருநாளன்று ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மாரி இராசிபுரம் வரை நடந்து, அங்கிருந்து ஒரு கடலைக்காய் வண்டியில் இடம் கேட்டு வந்து சேர்ந்திருந்தாள். அவளோடு சாலம்மாள் என்ற பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். தாழ்வாரத்துப் பிள்ளைகளில் எல்லாருக்கும் சிறியவனான செபஸ்தி அவள் மகன். இரண்டு பெண்களும் கூடத்து வாசலுக்கு எட்ட நின்று பார்த்தார்கள்.

சிங்கராயன் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். வரிசையில் தன்னுடைய தாழ்வாரத்துப் பிள்ளைகள் வெள்ளை வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவன் கண்கள் நிறைந்துவிட்டன. சாமியார் தனக்குக் கரண்டி மட்டும் தரவில்லை, இவர்களையும் உள்ளே உட்கார வைத்துவிட்டார் என்று நினைத்தான். மற்றப் பிள்ளைகள் வெளியே மரத்தடியில் நிற்பதைக் கவனிக்கவில்லை. அடுத்த வரிசைக்கு அவர்கள் வருவார்கள் என்று எண்ணினான்.

ஒவ்வோர் இலையாகச் சோறு வைத்துக்கொண்டு வந்தான். செபஸ்தியின் இலைக்கு வரும்போது போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கையை உயர்த்தினார்.

"அப்புடியே நில்லுங்க தம்பி. கரண்டிய எறக்காதீங்க. சின்னவனே, எலையப் பாக்காத, அண்ணன் மொகத்தப் பாரு."

"சோறு ஆறுதுங்க," என்றான் செபஸ்தி.

படம் எடுத்தாயிற்று. லெயோன் சாமியார் மூச்சு விட்டு, சின்னுசாமியைப் பார்த்தார்.

"செரி, எந்திரிங்கடா," என்றார் சின்னுசாமி. "தாவாரத்துக்கு ஓடுங்க. எலைய அப்புடியே வுட்டுப்போட்டுப் போங்க. வேட்டியக் கழட்டிக் கொடியில போடோணும், வாடகைக்கு எடுத்தாந்தது அது."

பிள்ளைகள் பாதி எழுந்தார்கள். சிங்கராயனுக்குப் புரியவில்லை.

"ஏனுங்க, இன்னும் பருப்பே ஊத்தலீங்களே."

"பருப்பு ஊத்தித் திங்கவா கூட்டியாந்தாங்க? படம் புடிக்கத்தான."

"அப்ப இந்தச் சோறு யாருக்குங்க?"

"ஆருக்கும் இல்ல. குப்பைக்குப் போவுது. சீக்கிரம் எந்திரிக்கச் சொல்லு, மெழுகி எலை போடோணும். வெளிய பசியோட நிக்கறாங்க."

சிங்கராயன் வாசலுக்கு வெளியே பார்த்தான். மரத்தடியில் செங்கோட்டையனும் மற்றவர்களும் நிற்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. பிறகு சாமியாரைப் பார்த்தான். சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கடா," என்றான் சிங்கராயன். "சாப்பிடுங்க."

"மகனே," என்றார் சாமியார். "கீழ்ப்படிதல் பெரிய புண்ணியம். இதை ஓர் ஒறுத்தலாக, ஒரு தவமாக, ஆண்டவருக்கு ஒப்புக்கொடு."

"நான் ஒப்புக்கொடுப்பனுங்க சாமி. இவங்களுக்குப் பசிக்குதுங்க."

வாசலில் மாரி மகனிடம் மெதுவாகச் சொன்னாள்: "சாமி, காயிதம்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. அதன் விலையும் தெரிந்தது. பெரிய பந்திக்கு வைத்திருந்த பருப்புச் சட்டியை எடுத்து முதல் இலையிலிருந்து ஊற்றத் தொடங்கினான். பிள்ளைகள் உட்கார்ந்து தின்றார்கள். பயந்துகொண்டே, வேகவேகமாக, யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல் தின்றார்கள்.

போட்டோக்காரர் ஒருவர்தான் அங்கே மகிழ்ச்சியாக இருந்தார். "இன்னொண்ணு எடுத்தரட்டுங்களா சாமி? இப்பத்தானுங்க மொகமெல்லாம் நல்லா இருக்குது."

சாமியார் வேண்டாம் என்றார்.

அன்று பந்தி நடக்கவில்லை. செங்கோட்டையன் மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்ப, மற்றத் தகப்பன்மார்களும் அப்படியே செய்தார்கள். சமையற்கட்டு முழுவதும் தீட்டு என்று, பெரிய அண்டாக்களில் வடித்த சோற்றை யாரும் தொடவில்லை. பசித்தவர்கள் பசியோடு போனார்கள். ஐந்து பிள்ளைகள் தின்ற குற்றத்துக்கு ஒரு பள்ளியே பட்டினி கிடந்தது. மாலையில் கூடத்தைச் சுத்தி செய்தார்கள். சின்னுசாமி சாணி கரைத்துத் தெளித்துக்கொண்டு முன்னால் போக, உதவிச் சாமியார் ஒருவர் தீர்த்தம் மந்திரித்துத் தெளித்துக்கொண்டு பின்னால் போனார். இந்து மதமும் கிறிஸ்தவ மதமும் சேலத்தில் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்து அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை.

படம் மட்டும் பிரான்சுக்குப் போயிற்று. உயர்குலத்துச் சிறுவர்களுக்கு உணவு பரிமாறும் தாழ்ந்த குலத்து மாணவன் என்று அச்சாகி வந்தது.

அந்த வாரமே ஐந்து பிள்ளைகளையும் விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பினால்தான் மற்றவர்கள் திரும்பி வருவோம் என்றார்கள், வந்தும்விட்டார்கள். சிங்கராயனுக்குச் சிபாரிசுக் கடிதம் இல்லை. அதை அவன் எதிர்பார்த்தான். சேரி தன்னைப் பார்த்த பார்வையைத்தான் எதிர்பார்க்கவில்லை. செபஸ்தி இப்போது ஒரு பண்ணையத்தில் ஆடு மேய்த்தான். சாலம்மாள் கிணற்றடியில் மாரியை நிற்கவிடவில்லை.

"உன்ற மவன் படிச்சு முடிச்சுப்போட்டான். அவனுக்கு வீராப்பு வருது. என்ற மவன் மூணாங் கிளாசுக்காரன். ஒருவாய்ப் பருப்புஞ்சோத்துக்கு அவன் படிப்பத் தின்னுபோட்டீங்களே, ஆயாளும் மவனும்."

"அந்தச் சோத்த உன்ற மவந்தான தின்னான்?"

"போடச் சொல்லி நான் கேட்டனா?"

இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த சிங்கராயன், மறுநாள் சேலத்துக்கு நடந்தான். பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்டான். லெயோன் சாமியார் அவனை உட்காரச் சொல்லி, காப்பி தந்து, வருத்தத்தோடு பேசினார். பள்ளிக் கோயிலில், ஞாயிறு பூசையில், எல்லாருக்கும் முன்னால், முழந்தாளிட்டுக் கீழ்ப்படியாமைக்கு மன்னிப்புக் கேட்டால், பெற்றோர்களிடம் தாம் பேச முடியும் என்றார். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார், கடிதமும் தருவார்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கராயன் முழந்தாளிட்டான். சாமியார் எழுதித் தந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னான். பள்ளிக்கே முதலாவதாகத் தேறியவனுக்கு மனப்பாடம் ஒப்பிப்பது புதிதில்லை. கோயிலுக்குள் இதுவரை கால் வைத்திராத செங்கோட்டையன் அன்று வாசல் வரை வந்து, துண்டைத் தோளில் போட்டபடி நின்று கேட்டார். கிறிஸ்தவர்களின் பூசைகளில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மண்டியிட்டதற்காக அவனைக் குறை சொல்லும் வீரர்கள் உண்டு. அவர்கள் யாரும் ஐந்து பிள்ளைகளின் தாய்மார்களுக்கு நடுவே ஒரு வாரம் குடியிருந்தவர்கள் இல்லை.

பூசை முடிந்ததும் சாமியார் அவனை அறைக்குள் அழைத்துப்போய் அணைத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. மேசை மேலிருந்த உறையை எடுத்து நீட்டினார்.

"பசங்க எப்பங்க வரலாம்?"

"நாளைக்கே வரட்டும். இதை வாங்கிக்கொள், மகனே."

"வேண்டாமுங்க."

"ஏன்? நான்தான் மன்னித்துவிட்டேனே."

"நீங்க மன்னிச்சுட்டீங்க சாமி," என்று சொல்லிவிட்டு சிங்கராயன் வெளியே வந்தான். சாமியார் உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்தாராம். அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை என்று அவரே பிற்பாடு மற்றச் சாமியார்களிடம் சொல்லி வருந்தினாராம். வருந்தியிருப்பார். அவர் வருத்தத்தால் தாழ்வாரத்துச் சுவர் ஒன்றுகூட நகரவில்லை. ஐந்து பிள்ளைகளும் திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்து தின்றார்கள். அதே எச்சில் இலைகளை எடுத்தார்கள். முதல் கரண்டி வழக்கத்தை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். இனி எந்தச் சேரிப் பிள்ளை முதலாவதாக வந்தாலும் யாருக்கும் சங்கடம் இல்லை.

பூசைக்கு மாரியும் வந்திருந்தாள். சாலை ஓரமாகத் தாயும் மகனும் ஊர் திரும்பினார்கள்.

"மண்டி போட்டதுதான் போட்ட," என்றாள் மாரி. "கையோட காயிதத்தையும் வாங்கியிருக்கலாமில்ல."

"அது அந்த அஞ்சு பேருக்குப் போட்டதும்மா. காயிதத்த வாங்குனா எனக்குப் போட்டதா ஆயிரும்."

"ஆனா என்ன? முட்டி உன்றதுதான?"

பள்ளிக்கூடத்தில் கற்ற எந்தப் பாடத்திலும் அதற்குப் பதில் இல்லை.

அந்த மாதக் கடைசியில், சேலத்துப் பக்கத்து வெள்ளைக்கல் கரட்டுக் குன்றில் கல் வெட்டவும் சுமக்கவும் ஆள் பிடிக்க ஒரு மேஸ்திரி சேரிக்கு வந்தான். வரிசையில் நின்றவர்களின் தோளையும் கையையும் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவன், சிங்கராயனிடம் நின்றான். அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"கை மெத்துனு இருக்குதே. எழுதப் படிக்கத் தெரியுமா? தெரிஞ்சா இப்பவே சொல்லிப்போடு. படிச்சவன நாங்க சேக்கறதில்ல. நாலு நாள் கல்லுச் சுமப்பான், அஞ்சாம் நாள் கணக்குக் கேப்பான். மத்தவனையும் கேக்கச் சொல்லுவான்."

சிங்கராயன் வாய் திறக்கும் முன்பே மாரி வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுந் தெரியாதுங்க பண்ணாடி," என்றாள். "என்ற பையனுக்குக் கையெழுத்துப் போடக்கூட வராதுங்க."

மேஸ்திரி மை டப்பாவைத் திறந்தான். சிங்கராயன் தாயைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலை நீட்டினான்.